பி-வேல்யூ கேக்கறதுக்கு முன்னாடி டேட்டா எப்படி வந்துச்சுன்னு கேளுங்க: ப்ராஜெக்ட்டுக்கு கையெழுத்து போடறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

குவாலிட்டி ஹெட், பிளான்ட் ஹெட், மாஸ்டர் பிளாக் பெல்ட், கிரீன் பெல்ட் சர்ட்டிஃபிகேட் (சிக்ஸ் சிக்மாங்கற தர மேம்பாட்டு முறையில குடுக்கற பட்டம்) குடுக்கற ட்ரெய்னர்னு ரிவ்யூ மீட்டிங்ல மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கற எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பக்கம் நின்னு ஸ்லைடு காட்டற கூட்டத்துல நானும் ஒருத்தன். யாரையும் குத்திக் காட்டணும்னு எழுதல, ஆனா ரொம்ப வருஷமா எல்லா ரிவ்யூலயும் ஒரே கேள்வி முதல்ல வருது, அந்தக் கேள்வியால கீழ என்னென்ன நடக்குதுன்னு மேல இருக்கறவங்களுக்குத் தெரியறதில்லையோன்னு தோணுது, அதான்.

அந்தக் கேள்வி: "பி-வேல்யூ எவ்ளோ வந்துச்சு?" பார்த்த வித்தியாசம் தற்செயலாவே வரக்கூடியதான்னு சோதிக்கற நம்பர் அது, 0.05க்கு கீழ வந்தா பாஸ்னு வழக்கம்.

0.03ன்னு சொன்னா எல்லாரும் தலையாட்டி அடுத்த ஸ்லைடுக்குப் போயிடறீங்க. 0.08ன்னு சொன்னா "இன்னும் கொஞ்சம் டேட்டா எடுத்துப் பாருங்களேன்"ன்னு அன்பா சொல்றீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா 0.05க்கு கீழ வர்ற வரைக்கும் டேட்டா சேர்த்துக்கிட்டே போய் வந்ததும் நிறுத்தினா, அது 5 சதவீத ரிஸ்க் (இல்லாத வித்தியாசத்தை இருக்குன்னு சொல்லிடற ரிஸ்க்) உள்ள டெஸ்ட்டே இல்ல, எத்தனை தடவை எட்டிப் பாக்கறோமோ அத்தனைக்கு ரிஸ்க் ஏறிக்கிட்டே போகும். அதைக்கூட விடுங்க, அந்த ஒரு நம்பருக்காக கீழ என்ன நடக்குதுன்னு பாருங்க. ஒரு அவுட்லையரை (மத்ததோட ஒட்டாம தள்ளி நிக்கற ரீடிங்கை) தூக்கறாங்க, ஏறினதா இறங்கினதான்னு ரெண்டு பக்கமும் பாக்கற டெஸ்ட்டை ஒரு பக்கம் மட்டும் பாக்கற டெஸ்ட் ஆக்கறாங்க, டி-டெஸ்ட் (ரெண்டு ஆவரேஜை ஒப்பிடற டெஸ்ட்) கைவிட்டா மான்-விட்னிங்கற வேற டெஸ்ட்டுக்கு ஓடறாங்க, அதுவும் வரலன்னா "அந்த வாரம் மெட்டீரியல் சரியில்ல"ன்னு ஒரு வாரத்து டேட்டாவையே கழட்டி வைக்கறாங்க. யாரும் கெட்டவங்க இல்ல, சர்ட்டிஃபிகேட் வேணும், அப்ரைசல் வருது, அவ்ளோதான். மெஷின் டெம்பரேச்சர்லேர்ந்து ஷிஃப்ட் வரைக்கும் 20 காரணத்தை எடுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு டெஸ்ட் போட்டா, ஒண்ணுக்குமே நிஜத்துல சம்பந்தம் இல்லன்னாலும், ஏதாவது ஒண்ணாவது 0.05க்கு கீழ வர்றதுக்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கு (ஒண்ணுக்கொண்ணு தொடர்பு இல்லாத டெஸ்ட்டுன்னு வச்சுக்கிட்டா). அந்த ஒண்ணுதான் ஸ்லைடுல "ரூட் காஸ்"ன்னு சிவப்பு வட்டத்துக்குள்ள நிக்கும். மீதி 19 பேக்கப் ஃபைல்ல தூங்கும், நீங்க கேக்க மாட்டீங்கன்னு அவங்களுக்கும் தெரியும்.

0.05ங்கறது வானத்துலேர்ந்து விழுந்தது இல்ல. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அறிஞர் ஃபிஷர் 1925ல போட்ட புக்குல வசதியான ஒரு எல்லையா எடுத்துக்கலாம்னு சொன்னது. 2016ல அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டிக்கல் அசோசியேஷன் தனியா ஒரு அறிக்கையே விட்டாங்க, பி-வேல்யூ ஒரு கோட்டைத் தாண்டுதா இல்லையாங்கறதை மட்டும் வச்சு முடிவெடுக்காதீங்கன்னு, பிசினஸ் முடிவையும் சேர்த்தேதான் சொன்னாங்க. மாற்றமே இல்லன்னு வச்சுக்கிட்டா இவ்ளோ பெரிய வித்தியாசமோ இதை விடப் பெரிசோ தற்செயலா வர எவ்ளோ வாய்ப்புங்கறது மட்டும்தான் பி-வேல்யூ. உங்க மாற்றம் வேலை செய்யுதாங்கற கேள்விக்கோ, அதால எவ்ளோ லாபம்ங்கற கேள்விக்கோ அதுல பதில் கிடையாது. முக்கியமா அந்த டேட்டா ஒழுங்கா எடுத்ததா ஜோடிச்சதான்னு அதுக்குத் தெரியவே தெரியாது. மினிடேப்ங்கற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர்ல ரெண்டு நம்பர் வரிசையை பேஸ்ட் பண்ணா பி-வேல்யூ வந்துரும், அந்த வரிசைல போன் நம்பரைப் போட்டாலும் வரும்.

சரி, ப்ராஜெக்ட் எப்படி ஆரம்பிக்குதுங்கறதுலேர்ந்து வர்றேன், ஏன்னா பாதி கோளாறு அங்கயேதான் இருக்கு.

மாசக் கடைசில ரிஜெக்ஷன் சதவீதம் ஏறியிருக்கும், நீங்க கேப்பீங்க "ஏன் ஏறுச்சு?". உடனே ஒரு ப்ராஜெக்ட், ஒரு டீம், ஒரு சார்ட்டர். அடுத்த ரெண்டு மாசத்துல இறங்கியிருக்கும், ப்ராஜெக்ட் சக்ஸஸ், போட்டோ, கைதட்டல். உதாரணத்துக்கு ஒரு வருஷ நம்பர் போடறேன், சதவீதத்துல: 2.1, 2.6, 1.9, 2.4, 2.8, 2.2, 2.0, 2.7, 2.3, 2.5, 1.8, 2.7. கடைசி மாசத்தைப் பாருங்க, 1.8லேர்ந்து 2.7. ரிவ்யூல இது "50 சதவீதம் ஏறிடுச்சு"ன்னு வரும், பார் சார்ட்ல கடைசி பார் சிவப்பா இருக்கும், ஒருத்தர் எழுந்து நின்னு பதில் சொல்லணும்.

இப்ப இதே 12 நம்பரை ஒரு இண்டிவிஜுவல்ஸ் சார்ட்ல (மாசத்துக்கு ஒரு புள்ளியா வரிசையா வச்சு, மேலயும் கீழயும் எல்லைக்கோடு போடற கண்ட்ரோல் சார்ட்) போடுங்க. ஆவரேஜ் 2.33. பக்கத்துப் பக்கத்து மாசத்துக்கு நடுவுல இருக்கற வித்தியாசத்தோட ஆவரேஜ் 0.53 கிட்ட வருது. அதை இந்த சார்ட்டுக்குன்னு இருக்கற 2.66ங்கற நிலையான எண்ணால பெருக்கினா 1.4. மேல் எல்லை 3.7, கீழ் எல்லை 0.9. அதாவது இந்த ப்ராசஸ் ஒண்ணுமே மாறாம சும்மா ஓடிக்கிட்டிருந்தாலே 0.9க்கும் 3.7க்கும் நடுவுல எங்க வேணாலும் வந்து நிக்கும். 1.8லேர்ந்து 2.7க்கு வந்தது ஒரு செய்தியே இல்ல, 2.7லேர்ந்து அடுத்த மாசம் 2.1க்கு இறங்கினா அதுவும் செய்தி இல்ல. ஆனா நீங்க 2.7ல ப்ராஜெக்ட் ஆரம்பிச்சு 2.1ல மூடறீங்க. மோசமான மாசத்தைப் பொறுக்கி எடுத்து ஆரம்பிச்சா, எதுவுமே பண்ணலன்னாலும் அடுத்த மாசம் ஆவரேஜை நோக்கி இறங்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. அந்த இறக்கத்துக்கு நாங்க காரணம் கண்டுபிடிச்சு ஸ்லைடு போடறோம், நீங்க கையெழுத்து போடறீங்க, ஆறு மாசம் கழிச்சு அதே 2.7 திரும்ப வரும்போது "சஸ்டெயின் பண்ணல"ன்னு லைன்ல இருக்கறவங்களைத் திட்டறீங்க. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

இதுல இன்னொண்ணையும் சொல்லணும், 2.33 ஆவரேஜே உங்களுக்குக் கட்டுப்படி ஆகலன்னா தாராளமா ப்ராஜெக்ட் போடுங்க, போட்டே ஆகணும். ஆனா அப்ப கேள்வி "கடைசி மாசம் என்ன ஆச்சு"ங்கறது இல்ல, "12 மாசமும் என்ன நடந்துக்கிட்டிருக்கு"ங்கறது. ரெண்டுக்கும் போற வழியே வேற. முதல் கேள்விக்கு ஒரு ஆளைத் தேடுவாங்க, ரெண்டாவது கேள்விக்கு டிசைன், மெட்டீரியல், மெஷின் கேப்பபிலிட்டின்னு பட்ஜெட் கேக்கற விஷயமா வந்து நிக்கும், அது உங்க மேஜைக்குத்தான் வரும்.

கண்ட்ரோல் சார்ட்டை உருவாக்கின ஷூவார்ட் 1924 மே மாசம் ஒரு பக்க மெமோவுல அதோட முதல் படத்தை வரைஞ்சு குடுத்தாரு. நூறு வருஷம் தாண்டியாச்சு. எல்லைக்கோட்டை நடுக்கோட்டுலேர்ந்து மூணு சிக்மா (சிக்மான்னா சிதறலோட அளவு, ஸ்டாண்டர்டு டீவியேஷன்) தூரத்துல அவரு வச்சது ஏதோ தியரிப்படி நிரூபிச்சு இல்ல, வீணா தேடி அலையற செலவுக்கும் நிஜக் கோளாறை விட்டுடற செலவுக்கும் நடுவுல அனுபவத்துல சரியா நிக்குதுன்னுதான். இன்னும் நம்ம டாஷ்போர்டுல டார்கெட்டை விட ஜாஸ்தின்னா சிவப்பு, கம்மின்னா பச்சை. அந்தக் கலரைப் பார்த்துதான் காபா (கோளாறைத் திருத்தி, திரும்ப வராம தடுக்கற நடவடிக்கை ரிப்போர்ட்) எழுதச் சொல்றீங்க. ஒரு மாசம் சிவப்பு, "ஆபரேட்டருக்கு மறுபடி ட்ரெய்னிங் கொடுக்கப்பட்டது". அடுத்த மாசம் பச்சை, "ட்ரெய்னிங் பலன் அளித்தது". அடுத்து சிவப்பு, திரும்பவும் ட்ரெய்னிங். அதே ஆபரேட்டர், அதே பிரசென்டேஷன், அதே அட்டெண்டன்ஸ் ஷீட்.

லைன்லயும் இதேதான் வேற ரூபத்துல நடக்குது. ஒரு பீஸ் 10 மைக்ரான் ஜாஸ்தியா வந்தா ஆபரேட்டர் ஆஃப்செட்ல (மெஷினுக்குக் குடுக்கற திருத்த அளவுல) 10 குறைப்பாரு, அடுத்தது 8 கம்மியா வந்தா 8 ஏத்துவாரு. பொறுப்பா வேலை பாக்கறாருன்னு நீங்களும் சொல்வீங்க. குவாலிட்டி அறிஞர் டெமிங் ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வச்சு இதைக் காட்டினாரு: புனலைத் தொடாம விட்டா குண்டு ஒரு அளவுக்குள்ள சிதறும், ஒவ்வொரு தடவையும் தப்பின தூரத்துக்கு எதிர்ப்பக்கம் புனலை நகர்த்திக்கிட்டே வந்தா வேரியன்ஸ் (ஸ்டாண்டர்டு டீவியேஷனோட வர்க்கம்) ரெண்டு மடங்கு ஆகும், ஸ்டாண்டர்டு டீவியேஷன் கிட்டத்தட்ட 1.4 மடங்கு. எதுவுமே பண்ணாம இருந்திருந்தா நல்லா ஓடியிருக்க வேண்டிய மெஷினை அக்கறையா கெடுக்கறோம். அப்புறம் "மெஷின் கேப்பபிள் இல்ல, புது மெஷின் வேணும்"னு கேபெக்ஸ் (முதலீட்டுப் பணம்) கேக்கறோம்.

அளவு எடுக்கற விஷயத்துக்கு வர்றேன், இதைத்தான் மனசாரச் சொல்லணும்னு நினைச்சேன்.

உங்ககிட்ட ஒரு ஆறு மாசத்து இன்ஸ்பெக்ஷன் டேட்டா எக்செல்ல கிடக்கும். ஏதாவது ஒரு முக்கிய அளவை எடுத்து ஹிஸ்டோகிராம் (எந்த அளவு எத்தனை தடவை வந்துச்சுன்னு காட்டற பார் படம்) போடுங்க. 25 மில்லிமீட்டர், ப்ளஸ் மைனஸ் 0.05னு ஸ்பெக் இருக்குன்னு வைங்க. பார்களை ஒவ்வொண்ணா 0.01க்குப் பிரிச்சு பாருங்க, சாஃப்ட்வேர் அதுவா போடற அகலமான பார்ல இது தெரியாது. 25.02ல ஒரு உயரம், 25.03ல கொஞ்சம் குறைஞ்சு, 25.04ல இன்னும் குறைஞ்சு வரும், திடீர்னு 25.05ல ஒரு கோபுரம் நிக்கும். 25.06 காலி. 25.07லயும் ஒண்ணும் இருக்காது. அப்புறம் 25.09ல ரெண்டு, 25.11ல ஒண்ணு. இயற்கையா எந்த மெஷினும் இப்படி பீஸ் போடாது. 25.06 காட்டினா இன்ஸ்பெக்டர் வெர்னியரைத் திரும்பப் பிடிக்கறாரு, கொஞ்சம் அழுத்திப் பிடிக்கறாரு, 25.05 வருது, எழுதறாரு. ஒரு பீஸுக்காக லைனை நிறுத்தி, சூப்பர்வைசர்கிட்ட பேச்சு வாங்கி, டீவியேஷன் ஃபார்ம் எழுதி, நாலு பேர்கிட்ட கையெழுத்து வாங்கறதுக்கு யாருக்குத் தெம்பு இருக்கு? 25.09னா மறைக்க முடியாது, அதனால அது அப்படியே நிக்குது. இந்த டேட்டாவை வச்சு நாங்க டி-டெஸ்ட், அனோவா, ரிக்ரெஷன் எல்லாம் போட்டு உங்களுக்கு 0.02ன்னு பி-வேல்யூ காட்டறோம். முழுப் பூசணிக்காய் அந்த 25.05ல இருக்கு. அந்த இன்ஸ்பெக்டரை வேலையை விட்டுத் தூக்கறதுக்காக இதைச் சொல்லல, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணிடாதீங்க, 25.06ன்னு எழுதினா என்ன தண்டனைன்னு நீங்க வச்சிருக்கீங்களோ அதோட படம்தான் அந்த ஹிஸ்டோகிராம்.

கேஜ் ஆர் அண்ட் ஆரும் (அளக்கற கருவியையும் ஆளையும் எவ்ளோ நம்பலாம்னு பாக்கற சோதனை) ஒரு சடங்காத்தான் நடக்குது. 10 பீஸ், 3 ஆளு, 3 தடவை, 90 ரீடிங், மொத்த வித்தியாசத்துல அளக்கறதால வர்ற பங்கு 10 சதவீதத்துக்கு கீழ வந்தா பாஸ், 30க்கு மேல போனா ஃபெயில், இது எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா அந்த 3 ஆளு யாரு? பாதி இடத்துல மெட்ராலஜி ரூம்ல ஏசில உக்காந்து அளக்கற 3 பேர், லைன்ல நைட் ஷிஃப்ட்ல கைல எண்ணெயோட அளக்கற ஆளு அந்த லிஸ்ட்லயே இல்ல. 10 பீஸை வரிசையா அடுக்கி வச்சு மேல நம்பர் எழுதி, முதல் தடவை எழுதின ஷீட் பக்கத்துலயே இருக்கும், ரெண்டாவது தடவை அளக்கும்போது கண்ணு அங்கதான் போகும். அதை விட அழகான வேலை ஒண்ணு இருக்கு, 10 பீஸ்ல ரெண்டு மூணு படு மோசமான ரிஜெக்ட்டைச் சேர்த்துடறது. பீஸுக்கு பீஸ் வித்தியாசம் பெரிசாகும்போது கேஜோட பங்கு தானா சின்னதா தெரியும், 28 சதவீதம் 9 ஆயிடும். கணக்குல தப்பே இல்ல, கேஜும் அப்படியேதான் இருக்கு. அதனால ரிப்போர்ட்ல சதவீதத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி பீஸ் எங்கேர்ந்து எடுத்தாங்க, அளந்தது யாரு, கலைச்சுப் போட்டு அளந்தாங்களா, இந்த மூணையும் கேளுங்க.

கண்ட்ரோல் சார்ட்லயும் இப்படி ஒண்ணு உண்டு. நாலு கேவிட்டி மோல்டு (ஒரே அச்சுல நாலு குழி), மணிக்கு ஒரு தடவை கேவிட்டிக்கு ஒரு பீஸ்னு நாலு எடுத்து ஒரு சப்குரூப்பா (சார்ட்ல ஒரு புள்ளிக்கான தொகுதியா) போடறாங்க. நாலு கேவிட்டியும் நாலு சைஸ், அதனால சப்குரூப்புக்குள்ள ரேஞ்ச் பெரிசு, கண்ட்ரோல் லிமிட் அகலமா விரிஞ்சுடும், ஆவரேஜ் புள்ளியெல்லாம் நடுக்கோட்டை ஒட்டியே நூல் பிடிச்ச மாதிரி போகும். ஆடிட்டருக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா தொடர்ந்து 15 புள்ளி ஒரு சிக்மாவுக்குள்ளயே நின்னா அதுவே ஒரு எச்சரிக்கை, நம்ம கைல இருக்கற ரூல் லிஸ்ட்லயே அது இருக்கு. சார்ட் ரொம்ப அழகா இருந்தாலும் "ஏன்?"ன்னு ஒரு தடவை கேளுங்க. அதுக்காக இருக்கற எட்டு ரூலையும் சாஃப்ட்வேர்ல டிக் பண்ணி வைக்கவும் வேணாம், மூணு சிக்மா ஒண்ணு மட்டும் வச்சா சராசரியா 370 புள்ளிக்கு ஒரு தடவை பொய் அலாரம் அடிக்கும், பிரபலமான நாலு வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ரூலையும் சேர்த்தா 92க்கே அடிக்கும். பொய் அலாரம் நாலு தடவை அடிச்சா அஞ்சாவது தடவை நிஜமா அடிக்கும்போது யாரும் எழுந்து போக மாட்டாங்க.

சிபிகே (ப்ராசஸ் ஸ்பெக்குக்குள்ள எவ்ளோ வசதியா நிக்குதுன்னு காட்டற நம்பர்) பத்தி சுருக்கமா. 30 பீஸ் அளந்து 1.33 வந்துச்சுன்னா அதை ஒரே நம்பரா பாக்காதீங்க, 95 சதவீத நம்பிக்கையோட சொல்லணும்னா உண்மையான மதிப்பு 0.97லேர்ந்து 1.69 வரைக்கும் எங்க வேணாலும் இருக்கலாம். 1.31 வந்த சப்ளையரை நிராகரிச்சு 1.35 வந்தவரை அப்ரூவ் பண்றதுல எந்த அர்த்தமும் இல்ல. அந்த 30 பீஸும் ஒரே மணி நேரத்துல வரிசையா எடுத்ததுன்னா நம்பர் இன்னும் அழகா வரும், டூல் தேயல, மெட்டீரியல் லாட் மாறல, ஆளு மாறல, வேற எப்படி வரும்? சிபிகே பக்கத்துலயே பிபிகேவும் (மொத்தக் காலத்துச் சிதறலையும் சேர்த்துப் போடற அதே மாதிரி நம்பர்) போடச் சொல்லுங்க. சிபிகே 1.6, பிபிகே 0.9னா ப்ராசஸ் நாளுக்கு நாள் நகர்ந்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம், அப்ப ரெண்டு நம்பரையும் ஓரமா வச்சுட்டு முதல்ல சார்ட்டைப் பாக்கணும்.

நார்மாலிட்டி டெஸ்ட்டும் (டேட்டா மணி வடிவத்துல பரவியிருக்கான்னு பாக்கற டெஸ்ட்) அதே கதைதான். 8 ரீடிங்குக்கு ஆண்டர்சன்-டார்லிங் போட்டா எதுவுமே பாஸ் ஆகும், 5000 ரீடிங்குக்கு போட்டா ரவுண்டிங் பண்ணதுக்கே ஃபெயில் ஆகும். ரெண்டு கேவிட்டி கலந்து ரெண்டு மேடு வந்த டேட்டாவை பாக்ஸ்-காக்ஸ்ங்கற கணக்கு மாற்றம் போட்டு நார்மல் ஆக்கி காட்டினவங்களைப் பார்த்திருக்கேன். அந்த ரெண்டு மேடுதான் விஷயமே, அதைப் போய் கணக்குல கரைச்சுட்டாங்க.

இதை விட ஆபத்தான இடம் ஒண்ணு இருக்கு, "வித்தியாசம் இல்லை"ன்னு நிரூபிக்கறது. சப்ளையர் மாத்தணும், இல்ல விலை கம்மியான மெட்டீரியலுக்குப் போகணும். பழையது 5 பீஸ், புதுசு 5 பீஸ், டி-டெஸ்ட், பி-வேல்யூ 0.4, "நோ சிக்னிஃபிகன்ட் டிஃபரன்ஸ்", அப்ரூவ்டு. 5க்கு 5 வச்சா நிஜமாவே ஒரு ஸ்டாண்டர்டு டீவியேஷன் அளவுக்கு வித்தியாசம் இருந்தாலும் மூணுல ஒரு தடவை கூட அந்த டெஸ்ட் அதைப் பிடிக்காது. 80 சதவீதம் பிடிக்கணும்னா பக்கத்துக்கு 17 வேணும், அரை ஸ்டாண்டர்டு டீவியேஷன்னா பக்கத்துக்கு 64. கம்மி சாம்பிள் எடுத்தா சுலபமா பாஸ் ஆகற டெஸ்ட்டுல இதுவும் ஒண்ணு, அதனாலயே எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. எவ்ளோ வித்தியாசம் வரைக்கும் பரவாயில்லன்னு நீங்க முன்னாடியே ஒரு நம்பர் சொல்லணும், அதுக்குள்ளதான் இருக்குன்னு காட்டற பாரம் எங்களோடது, அதுக்கு ஈக்விவலன்ஸ் டெஸ்ட்னு தனியா இருக்கு. அந்த நம்பரை டிராயிங்கையும் கஸ்டமரையும் தெரிஞ்சவங்கதான் சொல்ல முடியும், மினிடேப் சொல்லாது.

எண்ணிப் பாக்கற டேட்டாவுல இன்னும் கொடுமை. ரிஜெக்ஷன் 4 சதவீதத்துலேர்ந்து 2 சதவீதம் ஆச்சுன்னு நம்பிக்கையா சொல்லணும்னா முன்னாடி 1100 பீஸுக்கு மேல, பின்னாடி 1100 பீஸுக்கு மேல பாக்கணும். ரிவ்யூல வர்றது என்னவோ 50க்கு 2, அப்புறம் 50க்கு 1, "50 சதவீதம் இம்ப்ரூவ்மென்ட்". 300 பீஸ் பார்த்து ஒரு டிஃபெக்ட்டும் இல்லன்னா கூட, டிஃபெக்ட் 1 சதவீதத்துக்குள்ள இருக்கலாம்னு மட்டும்தான் 95 சதவீத நம்பிக்கையில சொல்ல முடியும், "ஜீரோ டிஃபெக்ட்"னு பேனர் கட்ட முடியாது.

மத்த டூல்ஸ் பத்தி அதிகம் எழுதல. ஃபிஷ்போன் (காரணங்களை மீன் முள் மாதிரி கிளை கிளையா எழுதற படம்) வரையறதுல தப்பில்ல, ஆனா அது சந்தேகப் பட்டியல்தான், அதுல ஓட்டு போட்டு ரூட் காஸ் தேர்ந்தெடுக்கறதை நிறுத்தச் சொல்லுங்க. "ஏன்?"னு அஞ்சு தடவை கேட்டு காரணம் தேடற முறை எப்பவும் மூணாவது ஏன்லயே "ஆபரேட்டர் கவனக்குறைவு"ல போய் நின்னுடுது, ஏன்னா அதுக்கு மேல கேட்டா பதில் ஆபீஸ் ரூமுக்கு வந்துரும். எஃப்எம்இஏவுல (எது எப்படிக் கெடலாம்னு முன்கூட்டியே போடற பட்டியல்) பாதிப்பு, எவ்ளோ அடிக்கடி வரும், டிடெக்ஷன்னு மூணு ரேங்க்கைப் பெருக்கி வர்ற ஆர்பிஎன்னை (ரிஸ்க் நம்பர்) 2019ல வந்த ஏஐஏஜி-விடிஏங்கற ஆட்டோமொபைல் துறைக் கையேடே விட்டுட்டு ஆக்ஷன் ப்ரயாரிட்டிக்குப் போயாச்சு, நாம இன்னும் "100க்கு கீழ கொண்டு வா"ன்னு சொல்லி டிடெக்ஷன் நம்பரை 5லேர்ந்து 3 ஆக்கிக்கிட்டிருக்கோம். மெஷின்ல ஒரு ஸ்க்ரூ கூட திரும்பல, ஆர்பிஎன் மட்டும் இறங்கிடுச்சு. சிக்மா லெவல் 3.1லேர்ந்து 3.4ன்னு காட்டற ஸ்லைடும் வேணாமே, சிக்ஸ் சிக்மான்னா 10 லட்சத்துக்கு 3.4 டிஃபெக்ட்ங்கறதே 1.5 சிக்மா நகர்வைச் சேர்த்துக்கிட்டு 4.5 சிக்மாவுக்கு வர்ற கணக்கு. டிஃபெக்ட் எத்தனைலேர்ந்து எத்தனை ஆச்சுன்னு சாதாரணமா சொன்னா எல்லாருக்கும் புரியும்.

குறை மட்டும் சொல்லிட்டுப் போகல, உங்க கைல மட்டுமே இருக்கற ஒரு விஷயம் இருக்கு: மெஷின் நேரம். நாங்க பழைய ரெக்கார்டை நோண்டி டெஸ்ட் போடறதே எங்களுக்கு ட்ரயல் எடுக்க லைன் கிடைக்காததாலதான். முன்னாடி பின்னாடி ஒப்பிடறதுல என்ன பிரச்சனைன்னா, முன்னாடி எடுத்த மாசத்துக்கும் பின்னாடி எடுத்த மாசத்துக்கும் நடுவுல லாட் மாறியிருக்கும், கிளைமேட் மாறியிருக்கும், டூல் மாறியிருக்கும், ப்ராஜெக்ட் நடக்குதுன்னு தெரிஞ்சு எல்லாரும் ஒழுங்கா வேலை பார்த்திருப்பாங்க, டி-டெஸ்ட்டுக்கு இதெல்லாம் தெரியாது, வித்தியாசம் மொத்தத்தையும் உங்க மாற்றத்தோட கணக்குல எழுதிடும். அதுக்குப் பதிலா ஒரே நாள்ல பழைய செட்டிங், புது செட்டிங், திரும்பப் பழையது, திரும்பப் புதுசுன்னு குலுக்கிப் போட்டு மாத்தி மாத்தி ஓட்ட விட்டா, கம்மி பீஸ்லயே நம்பற மாதிரி பதில் கிடைக்கும். செட்டிங்கைத் திரும்பப் பழசுக்கு மாத்தும்போது டிஃபெக்ட்டும் திரும்ப வந்தா, அதைப் பார்த்த ஆபரேட்டருக்கு பி-வேல்யூவே தேவையில்ல.

டெம்பரேச்சர், பிரஷர், டைம்னு மூணு விஷயம் இருந்தா ஒண்ணொண்ணா மாத்திப் பாருங்கன்னு சொல்றீங்க. ஒண்ணொண்ணா மாத்தினா டெம்பரேச்சர் ஏறும்போது மட்டும் பிரஷர் வேலை செய்யற மாதிரி கூட்டு விளைவு கண்ணுல படவே படாது. மூணையும் ரெண்டு லெவல்ல வச்சா 8 ரன், அந்த 8 ரன்லயும் எல்லா பீஸும் மூணு கேள்விக்கும் பதில் சொல்லும். 8 ரன்னுக்கு ஒரு ஷிஃப்ட் கேட்டா "புரொடக்ஷன் போயிடும்"ங்கறீங்க. அந்தப் பிரச்சனைக்காக ஆறு மாசமா எத்தனை ஷிஃப்ட் ரீவொர்க்ல போச்சுன்னு ஒரு தடவை கூட்டிப் பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க.

டி-டெஸ்ட்டே கின்னஸ் ப்ரூவரில வேலை பார்த்த காசெட், ஸ்டூடன்ட்ங்கற புனைப்பேர்ல 1908ல எழுதினது. கம்மி சாம்பிள்தான் கிடைக்கும், அதை வச்சு முடிவெடுக்கணும்ங்கற ஃபேக்டரிக் கஷ்டத்துலேர்ந்து வந்த கருவி, சர்ட்டிஃபிகேட்டுக்கு ஸ்டாம்ப் அடிக்கறதுக்கு வந்தது இல்ல. அதனால டெஸ்ட்டே வேணாம்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க.

நான் கேக்கறது ரொம்ப சின்னது. ரிவ்யூ டெம்ப்ளேட்டை மாத்துங்க. முதல் ஸ்லைடு டேட்டாவை நேர வரிசையில போட்ட சார்ட்டா இருக்கட்டும், குறைஞ்சது ஒரு வருஷம், கழட்டி வச்ச டேட்டாவையும் சேர்த்து. ரெண்டாவது ஸ்லைடுல யாரு அளந்தா, எதால அளந்தா, எந்தெந்த பீஸை எப்படிப் பொறுக்கினாங்கன்னு சாதாரண வாக்கியத்துல நாலு வரி. எத்தனை டெஸ்ட் போட்டாங்க, அதுல எத்தனையைக் காட்டறாங்கன்னு ஒரு வரி. வித்தியாசம் எவ்ளோ, எவ்ளோலேர்ந்து எவ்ளோ வரைக்கும் இருக்கலாம்னு ஒரு ரேஞ்ச். பி-வேல்யூ அதுக்கப்புறம் எங்கயாவது ஓரத்துல வரட்டும்.

சர்ட்டிஃபிகேட் குடுக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு: "மாற்றம் வேலை செய்யல, டேட்டா இதோ"ன்னு நேர்மையா முடிஞ்ச ப்ராஜெக்ட்டுக்கும் பெல்ட் குடுங்க. இப்ப இருக்கற ரூல்படி சேவிங்ஸ் காட்டாத ப்ராஜெக்ட் குளோஸ் ஆகாது, ஃபைனான்ஸ் கையெழுத்து இல்லாம சர்ட்டிஃபிகேட் கிடையாது, அதனால தோத்துப்போன ப்ராஜெக்ட்டுன்னு ஒண்ணு எந்த லிஸ்ட்லயும் இல்ல. அடுத்த பேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்த ஒரு கண்டிஷனை மட்டும் எடுத்துட்டுப் பாருங்க, வர்ற ஃபைல்ல இருக்கற ஹிஸ்டோகிராமோட ஷேப்பே மாறும்.